மஹ்ரூப் நானா சுமந்த மூட்டைகள்

"அந்தக் குடைக்கார மனுசன் இங்கே என்ன வேலை செய்கிறார்?"

நான் ஸ்டோரில் சேர்ந்த முதல் வாரம் ஒரு லொறிச் சாரதி என்னிடம் சிங்களத்தில் இப்படிக் கேட்டார். தம்புள்ளையிலிருந்து வெங்காயம் கொண்டுவந்தவர். நான் தோளில் மூட்டையோடு பலகையில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் வாசலில் மஹ்ரூப் நானா கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். மழை இல்லை. வெயிலும் அந்தச் சந்துக்குள் இன்னும் வந்திருக்கவில்லை.

எனக்குப் பதில் தெரியவில்லை. "அவர்தான் எங்கள் தலைவர்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சாரதி வாய்விட்டுச் சிரித்தார். அவர் கேட்டது பதவியை அல்ல, வேலையை.

அந்த மனிதரோடு ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டேன். இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஸ்டோரின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது, அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான் தொல்லை.

மூட்டை சுமக்கிறவர்களை எங்கள் பக்கத்தில் நாட்டாமை என்பார்கள். பெயர் கேட்க நன்றாக இருக்கும். வேலை, லொறியிலிருந்து ஸ்டோருக்கும் ஸ்டோரிலிருந்து லொறிக்கும் பாரத்தோடு நடப்பது. கொழும்பிலிருந்து சீனியும் மாவும் பருப்பும் மாத்தளைக்கு வரும். இங்கிருந்து மிளகும் கராம்பும் பாக்கும் போகும். மாதச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. சேமலாப நிதி என்ற சொல்லை நான் உயர்தர வகுப்பில் வணிகக் கல்விப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஸ்டோரில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பின்னேரம் முதலாளி மொத்தத்தையும் தலைவர் கையில் கொடுப்பார். தலைவர் அதைப் பங்கு பிரிப்பார். எங்கள் செட்டில், அதாவது சேர்ந்து மூட்டை சுமக்கிற எங்கள் குழுவில், ஆளுக்கு ஒரு பங்கு. தலைவருக்கு ஒன்றரைப் பங்கு.

அந்த அரைப் பங்கு தலைவருக்குச் சும்மா கொடுக்கப்படுவதில்லை. மூன்று காரியங்களுக்காகக் கொடுக்கப்படுகிறது. லொறிக்குச் சாய்த்து வைக்கும் பலகை உறுதியாக இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். லொறியில் நின்று மற்றவர்களின் தோளில் மூட்டையை ஏற்றிவிட வேண்டும். கூலியைப் பற்றி முதலாளியிடம் பேச வேண்டும். மஹ்ரூப் நானா இந்த மூன்றையும் செய்யவில்லை. குடை பிடித்தார்.

அவர் அப்படியே பிறந்தவர் அல்ல. நாலந்தாப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினாறு வயதில் மாத்தளைக்கு வந்தவர். அந்த வயதிலேயே இரண்டு பருப்பு மூட்டைகளை ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு, பந்தயத்துக்காகச் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாராம். இதைச் சொன்னவர் லாபிர் நானா. இருவரும் ஒரே காலத்தில் வேலைக்கு வந்தவர்கள். லாபிர் நானா இன்னும் மூட்டை சுமக்கிறார். அவருடைய வாயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓய்வு வேண்டும் என்று அவரே சொல்வார். உண்மையில் வாய்க்குத்தான் ஓய்வே கிடையாது.

பழைய தலைவர் வேலையை விட்டுப் போனபோது, அடுத்த தலைவர் யார் என்று செட்டைக் கேட்காமல் முதலாளியே முடிவு செய்தார். மஹ்ரூப் நானாவைத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்று கேட்டபோது லாபிர் நானா சொன்னார்:

"கார் சத்தம் கேட்டா நாங்க எல்லாம் ஓரமா நிப்போம். மஹ்ரூப் மட்டும் ஓடிப்போய் கதவைத் திறப்பான். அவ்வளவுதான் தம்பி பரீட்சை. நீ ஏ. எல். எழுதினாய். அவன் கார்க் கதவு எழுதினான்."

தலைவரானதும் மஹ்ரூப் நானா மூன்று பொருட்கள் வாங்கினார். ஒரு குடை, இடுப்பில் மாட்டும் போன் பை, சட்டைப் பைக்கு ஒரு பேனா. அந்தப் பேனாவால் அவர் எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை. முதலாளியின் வீடு ஸ்டோருக்கு மேலேதான். அங்கே அலுமாரி இடம் மாற்ற வேண்டுமென்றாலும் குளிர்சாதனப் பெட்டியை மாடிக்கு ஏற்ற வேண்டுமென்றாலும் மஹ்ரூப் நானா எங்களை அனுப்புவார். கூலி கேட்டால் முகம் சுளிப்பார். "முதலாளி எங்களக் குடும்பமா நெனைக்கிறார். குடும்பத்துல கூலி கேப்பாங்களா?" என்பார். அந்தக் குடும்பம் நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்கு ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழப் பெட்டி கொடுத்தது. அதைக் கொடுக்கும்போது போட்டோவும் எடுத்தது.

நாடு முழுவதும் விலைகள் ஏறிய அந்த நெருக்கடி வருடத்தில் மா விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, பாண் ஏறியது. மூட்டைக் கூலி மட்டும் ஏறவில்லை. அதற்குப் பிறகும் ஏறவில்லை. நான் சேர்ந்த பின் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து மஹ்ரூப் நானாவை முதலாளியிடம் பேச அனுப்பினோம். மாடிப்படியில் ஏறிப் போனார். நீண்ட நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"என்ன சொன்னாருங்க நானா?" என்று அழகையா அண்ணன் கேட்டார். அவர் உக்குவளைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர்.

"முதலாளி யோசிக்கிறார்."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கத்தான் போனேன். டீ குடுத்தாங்க. டீ குடிச்சிட்டிருக்கிற நேரத்துல காசுப் பேச்சு பேசுறது மரியாதையில்லையே."

அவருடைய மீசையில் பால் டீயின் ஆடை ஒட்டியிருந்தது. எங்களுக்கு வருவது பால் இல்லாத பிளேன்டீ.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். எங்கும் இப்படி ஒருவர் இருப்பார் என்று நினைத்தேன். எங்களோடு மூட்டை சுமந்த சசிக்குமார் அண்ணன் விழுந்த பிறகுதான் பொறுக்க முடியாமல் போனது.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் செட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எங்களிடம் பதிவு எதுவும் கிடையாது. காலையில் முதல் லொறியின் கதவு திறந்ததும் ஒரு மூட்டையைப் பலகையின் தலைப்புக்கு இழுத்து வைப்பார்கள். செட்டில் உள்ள எல்லோரும் அதன்மேல் கை வைப்பார்கள். கை வைத்தவனுக்கு அன்றைய பங்கு உண்டு. அந்த மூட்டை லொறியிலிருந்து இறங்கி வாசற்படியைத் தாண்டிவிட்டால் அன்றைய கணக்கு மூடிவிட்டது. பிறகு வருகிறவன் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வேலையில் அடிபட்டவனுக்கும் இதிலே இடம் உண்டு. அவன் காலையில் வந்து முதல் மூட்டையில் கை வைத்தால் போதும். சுமக்க வேண்டாம். கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். குணமாகும்வரை அவனுக்கு அரைப் பங்கு கிடைக்கும். இதற்குத் தொட்ட பங்கு என்று பெயர். முதலாளி இதற்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. சுமக்கிறவர்கள் தங்கள் கூலியிலிருந்து விட்டுக்கொடுக்கும் பங்கு இது. ஆஸ்பத்திரிச் செலவு, நட்டஈடு, காப்புறுதி எதுவும் இல்லாத வேலையில் எங்களுக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

சசி அண்ணன் றத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறார். மனைவி பிரவீனா அக்கா கொழுந்து பறிக்கிறார். இரண்டு பிள்ளைகள். ஒரு மழைநாள் காலை சீனி இறக்கிக்கொண்டிருந்தோம். பலகையின் அடியில் வைக்கும் கட்டை நகர்ந்திருந்தது. அதைப் பார்க்க வேண்டியவர் வாசலில் குடைக்குக் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பலகை ஒருபக்கமாகத் திரும்பியது. சசி அண்ணன் மூட்டையோடு விழுந்தார். மூட்டை அவருடைய இடுப்பின்மேல் விழுந்தது.

மஹ்ரூப் நானா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "பார்த்து நடக்கத் தெரியாதா?"

முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகிவிட்டது, படுத்தே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் படுத்தே இருந்தால் பங்கு இல்லை. அதனால் சசி அண்ணன் ஒவ்வொரு நாளும் வந்தார். பிரவீனா அக்கா விடியற்காலையிலேயே அவருடைய இடுப்பில் பட்டியைக் கட்டிவிட்டு மலைக்குப் போவார். அவர் முதல் பஸ்ஸில், அந்த வளைவுகளில் எல்லாம் கம்பியைப் பிடித்து நின்றபடி இறங்கி வருவார். உட்கார்ந்தால் எழும்ப முடியாது. எட்டு மணி தாண்டி ஸ்டோருக்கு வருவார். நாங்கள் எட்டரைக்குத்தான் தொடங்குவோம். மூட்டையில் கை வைப்பார். லாபிர் நானா ஏதாவது பகிடி சொல்வார். "மாப்பிள்ள மாதிரி மெதுவா வாறான் பாரு. மாலை எங்கடா?" சசி அண்ணன் சிரிக்கப் போய், சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்துவார். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவார்.

இதை மஹ்ரூப் நானாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பரிதாபத்தால் அல்ல.

"எத்தன நாளைக்கு இந்த நோயாளி வந்து தடவிட்டுப் போறது?" என்றார் ஒரு நாள். "முதலாளி மேலே இருந்து பாக்கிறார். ஸ்டோரா இது, ஆஸ்பத்திரியா?"

லாபிர் நானா சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே கேட்டார்: "முதலாளி ஏதும் சொன்னாரா?"

"சொல்லல்ல. சொல்லுறதுக்கு முந்தி நாமதானே பார்த்து நடக்கணும்."

"மஹ்ரூப், உன்ட கணுக்கால் முறிஞ்ச நேரம் நீ எத்தன மாசம் தொட்ட பங்கு தின்டாய்?"

"அது வேற."

"என்ட சைக்கிள்ள பின்னால ஏத்திக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் உன்ட கால் தொங்கும், மத்தப் பக்கம் உன்ட ஊன்றுகோல் தொங்கும். பள்ளத்துல விழுந்தா 'அல்லாஹ்' என்டு கத்துவாய். ரோட்டுல போறவன் ஸலாம் சொல்லுறான் என்டு நெனச்சுப் பதில் சொல்லுவான்."

எல்லோரும் சிரித்தோம். மஹ்ரூப் நானா குடையை மடக்கி மறுபடி விரித்தார்.

அவர் ஏன் இப்படி நடந்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. சசி அண்ணனின் அரைப் பங்கை எங்களுக்குள் பிரித்தால் அவருக்கு வருவது ஒரு பாண் வாங்கவும் போதாது. ஒருவேளை அதிகாரம் அவருக்கு அவ்வளவு குறைவாக இருந்ததால், அதை யார்மீதாவது காட்ட அவர் தேடிக்கொண்டிருந்திருக்கலாம். முதலாளியிடம் காட்ட முடியாது. லாபிர் நானாவிடம் காட்டினால் திரும்பி வரும். குனிய முடியாத ஒருவர் கிடைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் பங்கு கொடுத்து முடிந்ததும் சொன்னார்: "நாளையிலருந்து முதல் மூட்டை ஏழு மணிக்கு. லொறிக்காரங்களுக்கு லேட் ஆகுதாம்."

எந்த லொறிக்காரரும் அப்படிச் சொல்லவில்லை. றத்தோட்டைப் பக்கமிருந்து முதல் பஸ் எட்டு மணிக்கு முன் வராது என்பது சந்தில் உள்ள தேநீர்க்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

"சசி எப்பிடிங்க வருவான்?" என்றார் அழகையா அண்ணன்.

"அது அவன்ட வேலை. பஸ்ஸ நானா ஓட்டுறேன்?"

லாபிர் நானா அங்கேயே போனை எடுத்து சசி அண்ணனுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"அப்ப நான் த்ரீவீல்ல வந்துர்றேன் நானா."

"த்ரீவீல்காரனுக்கு உன்ட அரைப் பங்கையும் குடுத்து மேல கடனும் படுவியா? பஸ்ஸுலயே வா."

"பஸ் வாறதுக்குள்ள மூட்டை உள்ள போயிருமே?"

"நீ வா. மூட்டை எங்க போகுதென்டு நாங்க பாத்துக்கிறோம்."

மறுநாள் ஏழு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டோம். சீனி லொறி வாசலில் நின்றது. கதவு திறந்தது. முதல் மூட்டையைப் பலகையின் தலைப்புக்கு இழுத்து வைத்தார்கள். மஹ்ரூப் நானா அதன்மேல் கை வைத்தார். "ம், வைங்க" என்றார்.

யாரும் வைக்கவில்லை.

லாபிர் நானா தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். அழகையா அண்ணன் செருப்பைக் கழற்றி, இல்லாத முள்ளொன்றைத் தேடினார். ஒருவர் வயிறு சரியில்லை என்று பின்பக்கம் போனார். அவருக்கு வயிறு சரியில்லை என்பதைப் பார்க்க இன்னொருவர் கூடவே போனார். நான் சும்மா நின்றேன். எனக்கு நடிக்கத் தெரியாது.

"என்ன இது? ஸ்ட்ரைக்கா?" என்றார் மஹ்ரூப் நானா.

"இல்ல கங்காணியார். வெத்தல" என்றார் லாபிர் நானா.

"வெத்தல தின்டு முடியிறதுக்கு எவ்வளவு நேரம்?"

"பஸ் எப்ப வருமோ தெரியாது."

மஹ்ரூப் நானா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பயப்படப்போகிறார், அல்லது முதலாளியைக் கூப்பிடப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். சட்டையைக் கழற்றி, பேனா விழாதபடி மடித்து, ஆணியில் தொங்கவிட்டார். சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினார். பலகைக்கு அருகே வந்து குதிகாலால் அதை இரண்டு தரம் இடித்துப் பார்த்தார். குனிந்து அடிக்கட்டையைக் கையாலேயே நகர்த்தி இறுக்கினார். மறுபடி இடித்துப் பார்த்தார்.

தான் ஏறப்போகும் பலகையை அவர் பார்த்தார்! சசி அண்ணன் ஏறிய பலகையைப் பார்க்காதவர். அந்த நேரத்தில் எனக்கு வந்த அருவருப்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பிறகு லொறியில் ஏறி மூட்டைக்கு முதுகைக் கொடுத்து, தானே இழுத்து ஏற்றிக்கொண்டு, பலகையில் இறங்கி, வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார். நன்றாகச் சுமந்தார். இதை நான் மறைக்கக் கூடாது. கால் தடுமாறவில்லை. மூட்டை அவருடைய முதுகில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இத்தனை வருடமும் குடை பிடித்த அந்த உடம்பு சீனி மூட்டையைச் சுமக்க முடியாத உடம்பு அல்ல. சுமக்க விரும்பாத உடம்பு. இன்னொருவனுக்கு அரைப் பங்கு கிடைக்காமல் செய்வதற்காக மட்டும் அது சுமக்க முன்வந்தது.

வெளியே வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "முதல் மூட்டை படி தாண்டியாச்சு. கணக்கு மூடியாச்சு. கை வச்சவன் நான் ஒருத்தன்தான். இன்டைக்கு இந்த லொறிக் காசு முழுக்க எனக்கு. நீங்க எல்லாம் வெத்தல தின்னுங்க."

இதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. சசி அண்ணனின் அரைப் பங்கைக் காப்பாற்றப் போய் எங்கள் முழுப் பங்கும் போய்விட்டது. பின்பக்கம் போன இருவரும் வயிறு குணமாகித் திரும்பி வந்து, விஷயத்தைக் கேட்டு, உள்ளே போன மூட்டையை எட்டிப் பார்த்தார்கள். அழகையா அண்ணனின் முகம் மாறியது. அவருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும். "நானா, இப்ப என்ன செய்றது?" என்று மெதுவாகக் கேட்டார்.

லாபிர் நானா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். "அவன் சுமக்கட்டும். பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மூட்டை இழுக்கிற செட்டின் பெரிய கொக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

மஹ்ரூப் நானா, ஒவ்வொரு மூட்டைக்கும் பிறகு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, சுமந்துகொண்டே இருந்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஏழெட்டு மூட்டைகள் உள்ளே போயிருக்கும். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பனியன் நனைந்து முதுகில் ஒட்டியது. கடைசி மூட்டை அவருடைய முதுகில் ஒருபக்கமாகச் சரிந்தது. எங்களில் ஒருவர் தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தார். மூட்டை ஆடினால் பிடிக்கப் போவது எங்கள் பழக்கம். லாபிர் நானா அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அப்போது பஸ் ஹோர்ன் சத்தம் கேட்டது. சந்தின் முனையில் சசி அண்ணன் ஒரு கையைச் சுவரில் வைத்தபடி வருவது தெரிந்தது. வந்து, உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார். மஹ்ரூப் நானாவின் நனைந்த பனியனைப் பார்த்தார். "சரிங்க, நான் அடுத்த பஸ்ஸுல போறேன்" என்றார்.

"நில்லுடா" என்றார் லாபிர் நானா. எழுந்தார். "மஹ்ரூப், சட்டம் என்ன? முதல் மூட்டை லொறியில இருக்கிற வரைக்கும் கை வைக்கலாம். சரியா?"

"லொறியிலதான் இல்லையே."

"இருக்கும்."

லாபிர் நானா உள்ளே போய் மேல் மூட்டையைக் கொக்கியால் இழுத்து அழகையா அண்ணனின் தோளில் சாய்த்தார். அழகையா அண்ணன் ஒரு கணம் புரியாமல் நின்றார். பிறகு அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பாக விரிந்தது. மூட்டையோடு வெளியே வந்து பலகையில் ஏறி அதை லொறியில் வைத்தார். அடுத்ததை நான் எடுத்தேன். நாங்கள் ஓடினோம். மூட்டையோடு ஓடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் சொல்கிற லாபிர் நானாவும் ஓடினார். இறக்கிய சீனியை மறுபடி ஏற்றினோம். இதற்கு யாரும் கூலி தரமாட்டார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் மூட்டை சுமந்ததில்லை. லொறிச் சாரதி தலையில் கைவைத்துக்கொண்டு, "அனே, இது என்ன விளையாட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒங்களுக்கு!" என்று மஹ்ரூப் நானா கத்தினார். மேலே பார்த்து, "முதலாளி! முதலாளி!" என்று கூப்பிட்டார்.

முதலாளி மாடியில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். மஹ்ரூப் நானா கையைக் காட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். தான் தனியாகச் சுமந்ததை இரண்டு தரம் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் மூட்டைகளோடு அப்படியே நின்றோம்.

"உங்கட பங்குச் சண்டையெல்லாம் எனக்கெதுக்கு மஹ்ரூப்?" என்றார் முதலாளி. "பத்து மணிக்குள்ள லொறி காலியாகணும். யார் சுமந்தா எனக்கென்ன?" கோப்பையோடு உள்ளே போய்விட்டார்.

யாருக்காக இவ்வளவும் செய்தாரோ அவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மஹ்ரூப் நானா மூடிய மாடிக்கதவையே பார்த்தபடி நின்றார். இரக்கப்படலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

அடியில் இருந்த மூட்டையை, அவர் முதலில் சுமந்த அதே மூட்டையை, லாபிர் நானாவே கொண்டுவந்து பலகையின் தலைப்பில் வைத்தார். "வைங்கடா" என்றார். எல்லோரும் கை வைத்தோம். சசி அண்ணன் குனிய முடியாததால் நாங்கள் விலகி இடம் கொடுத்தோம். அவர் பக்கவாட்டில் நின்று உள்ளங்கையை நன்றாகப் பதித்தார்.

மஹ்ரூப் நானா வரவில்லை. லொறி நிறைய மூட்டைகள் இருந்தன. கணக்கு மறுபடி திறந்துவிட்டது. கை வைக்காவிட்டால் அவருடைய ஒன்றரைப் பங்கும் இல்லை. கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றார். பிறகு எங்களைப் பார்க்காமல் வந்து, எங்கள் கைகளுக்கு நடுவே ஒரு விரலை மட்டும் நீட்டி மூட்டையைத் தொட்டார்.

"விரலுக்குப் பங்கு இல்ல மஹ்ரூப்" என்றார் லாபிர் நானா. "கையை வை."

அவர் கையை வைத்தார்.

அன்று சசி அண்ணனுக்கு அரைப் பங்கு கிடைத்தது. அடுத்த நாள் முதல் மூட்டை மறுபடி எட்டரைக்கே இறங்கியது. அதைப் பற்றி யாரும் அறிவிப்புச் செய்யவில்லை. சசி அண்ணன் இரண்டு மாதங்களுக்கும் மேலாகத் தொட்ட பங்கு வாங்கி, இப்போது கராம்பு மூட்டை மட்டும் சுமக்கிறார். சீனி சுமக்க இன்னும் முடியாது. கூலி ஏறவில்லை. மஹ்ரூப் நானாதான் இன்னும் தலைவர். ஒன்றரைப் பங்கு வாங்குகிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "தொட்ட பங்கெல்லாம் இந்த ஸ்டோர்ல மட்டும் இருக்கிற பைத்தியக்காரத்தனம், வேற எங்கயும் இல்ல" என்று சொல்கிறார்.

அவர் சொல்வது பொய்யா என்று எனக்குத் தெரியாது. உக்குவளையிலும் தம்புள்ளையிலும் உள்ள சில நாட்டாமைகளிடம் கேட்டேன். அடிபட்டால் அன்றோடு முடிந்தது, அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான் என்றார்கள். அப்படி ஒரு பங்கு இருக்க முடியும் என்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அதனால்தான் இதை எழுதினேன். உங்கள் ஊரில் மூட்டை சுமக்கிறவர் யாராவது இருந்தால் இந்தக் கதையை அவரிடம் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், அவர் பிளேன்டீ குடிக்க உட்காரும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். கேட்டவர் தன் செட்டில் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.